ராணியைக் கொடுத்த பையனும் பாதியில் மூடிய குழாயும்

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சனி ஞாயிறுகளில் மொட்டை மாடியில் 14 பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் 40 பக்க நோட்டில் நகர்த்தல் விடாமல் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ராத்திரி அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்த்து, எங்கே தடம் மாறியது என்று சிவப்பு மையில் குறித்து வைப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அது அவருக்கு முடியவில்லை.

"தம்பி, எந்த எடத்துல தப்பு நடந்துச்சுன்னு மட்டும் கம்ப்யூட்டர் சொன்னாப் போதும். ஏன் தப்புன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கு அந்தப் பிரிவினை மிகவும் பிடித்திருந்தது. அன்றைக்கே சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

செஸ் தெரிந்த நிரலை நான் எழுத வேண்டியதில்லை. 2008இல் வெளிவந்து இன்று உலகத்தின் மிக வலுவான எஞ்சின்களில் ஒன்றாக நிற்கும் ஸ்டாக்ஃபிஷ் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் அதற்குப் பலகை கிடையாது, படம் கிடையாது, பொத்தான் கிடையாது. டெர்மினலில் திறந்தால் தன் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும். நாம் தட்டினால் பதில் சொல்லும், அவ்வளவுதான். என் வேலை இவ்வளவே: நோட்டில் இருப்பதைப் படிக்கும் ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி, அதை ஸ்டாக்ஃபிஷோடு பேச வைப்பது. ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் யாராவது ஒருவர் இப்போது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

முதலில் கையால் பேசிப் பார்த்தேன். இப்படி ஒரு வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். நிரல் எழுதும் முன் ஒரு மணி நேரம் நீங்களே டெர்மினலில் உட்கார்ந்து அந்த நிரலோடு பேசுங்கள். அதன் குணம் பிடிபடும். 'யூசிஐ' என்று தட்டினால் ஸ்டாக்ஃபிஷ் தன் பெயர், எழுதியவர்கள் பெயர், தன்னிடம் மாற்றக்கூடிய அமைப்புகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டிவிட்டு, கடைசி வரியாக 'யூசிஐஓகே' என்கிறது. 'இஸ்ரெடி' என்று கேட்டால் 'ரெடிஓகே' என்கிறது. 'பொசிஷன்' என்று ஆரம்பித்து இதுவரை ஆடிய நகர்த்தல்களை வரிசையாகக் கொடுத்தால் ஒன்றுமே சொல்வதில்லை. வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு 'கோ டெப்த் 18', அதாவது 18 அடுக்கு ஆழம் யோசி என்றால், யோசிக்க யோசிக்க 'இன்ஃபோ' என்று தொடங்கும் வரிகளாகப் பொழிந்து, முடித்ததும் 'பெஸ்ட்மூவ்' என்று ஒரே வரியில் தன் முடிவைச் சொல்லி நிறுத்துகிறது.

இதில் ஒரு கேள்விக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு முப்பது வரி, ஒன்றுக்குப் பதிலே இல்லை. கண்ணால் பார்க்கும் மனிதனுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வரி வருவது நின்றால் பேச்சு முடிந்தது என்று நமக்குத் தெரிகிறது. நிரலுக்கு அது தெரியாது. 'நின்றுவிட்டது' என்பதற்கும் 'இன்னும் யோசிக்கிறது' என்பதற்கும் நிரலுக்கு வித்தியாசமே கிடையாது. மூன்று வாரமும் நான் முட்டிக்கொண்ட எல்லாச் சுவர்களும் இந்த ஒரு இடத்தில்தான் இருந்தன: எதிராளி எப்போது பேசி முடித்தான்?

முதல் சுவர் மௌனம். என் நிரல் ஸ்டாக்ஃபிஷைக் கிளப்பியது, அதன் உள்ளீட்டில் 'யூசிஐ' என்று எழுதியது, பதிலுக்குக் காத்திருந்தது. வரவில்லை. அதே வார்த்தையைக் கையால் தட்டினால் கண் இமைக்கும் முன் பதில். காரணம் பஃபர். நிரல் எழுதுகிற எழுத்துகள் உடனே வெளியே போவதில்லை. ஒரு பஃபரில் சேர்கின்றன. நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அந்த வண்டியின் கொள்ளளவு பொதுவாக 4096 அல்லது 8192 பைட். என் 'யூசிஐ' மூன்றே எழுத்தும் ஒரு வரிமுடிவும். அது ஆட்டோவில் தனியாக உட்கார்ந்திருந்தது. ஸ்டாக்ஃபிஷ் என் கேள்விக்காகக் காத்திருந்தது, நான் அதன் பதிலுக்காகக் காத்திருந்தேன். எழுதியதும் 'ஃப்ளஷ்' செய், இருக்கிற ஆளோடு வண்டியை எடு, என்று சொல்லும் ஒரே ஒரு வரி சேர்த்ததும் பேச்சு தொடங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சி மொழியின் வழக்கமான நூலகத்தை நம்பி எழுதிய நிரல்கள் தங்கள் வெளியீடு எங்கே போகிறது என்று பார்க்கின்றன. டெர்மினலுக்குப் போனால் வரிக்கு ஒரு தடவை வண்டியை எடுக்கும். 'பைப்' எனப்படும் குழாய் வழியாக இன்னொரு நிரலுக்குப் போனால் நிறையும்வரை நிறுத்தி வைக்கும். அதனால்தான் 'டெர்மினல்ல ஓடுது, என் புரோகிராம்லேர்ந்து கூப்பிட்டா ஓடல' என்ற புலம்பல் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறது. ஸ்டாக்ஃபிஷை எழுதியவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்திருக்கிறார்கள், எனக்கு அந்தப் பக்கம் தொல்லை இல்லை. நீங்கள் பேசப்போகும் நிரல் அப்படி இல்லை என்றால், லினக்ஸில் 'எஸ்டிடிபஃப்' என்ற சின்னக் கருவி பல சமயம் காப்பாற்றும். எதிரில் இருப்பது பைத்தான் நிரல் என்றால் 'மைனஸ் யூ' என்று சேர்த்துக் கிளப்பினால் போதும்.

இரண்டாவது சுவர் மௌனத்தைவிடக் கொடியது. அது பதில் சொன்னது, தப்பான பதில்.

வரி வரியாகப் படிப்பதில் வந்த தொல்லைகளால் களைத்துப்போய், பைத்தானில் இருக்கும் ஒரு சுலபமான வழிக்கு மாறினேன். அதன் பெயரே 'கம்யூனிகேட்'. சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுத்தால், அது அனுப்பி, எதிராளி சொல்வது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் திருப்பித் தரும். பொசிஷன், கோ டெப்த் 18, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது. 40 நகர்த்தல் உள்ள ஒரு ஆட்டம் சில நொடிகளில் முடிந்தது. அந்த வேகம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கொடுத்தது. 14 நோட்டையும் ஓட்டி, அச்சடித்து, வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவரே வந்தார், கையில் ஒரு தாள். பத்து வயதுப் பையன் ஒருவனின் ஆட்டம். 23ஆவது நகர்த்தலில் அவன் தன் ராணியைக் கொடுத்திருக்கிறான், எதிராளி வெட்டியிருக்கிறான், அதிலிருந்து நாலாவது நகர்த்தலில் இவன் மாத்து, அதாவது செக்மேட், கொடுத்திருக்கிறான். அந்த வகுப்பிலேயே இதுவரை யாரும் ஆடாத ஆட்டம். என் தாளில் அந்த 23ஆவது நகர்த்தலுக்கு நேராக 'பெரிய தவறு' என்று இருந்தது.

"அவன் அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் பலகையைப் பாத்துக்கிட்டே இருந்தான் தம்பி. நான் பக்கத்துலதான் நின்னேன். இந்தத் தாளை அவன்கிட்ட எப்படிக் குடுப்பேன்?"

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. அந்தத் தாளை அவர் யோசிக்காமல் கொடுத்திருந்தால், அடுத்த தடவை ராணியைத் தொடும்போது அந்தப் பையனின் கை பின்வாங்கியிருக்கும்.

ராத்திரி உட்கார்ந்து, அதுவரை படிக்காமல் தள்ளிவிட்ட 'இன்ஃபோ' வரிகளைப் படித்தேன். ஒவ்வொரு வரியும் எத்தனை ஆழம் யோசித்தது என்பதையும் சொல்கிறது. நான் கேட்டது 18. கடைசி வரியில் இருந்தது 1. பல நகர்த்தல்களுக்கும் அப்படியே, 1 அல்லது 2. ராணியை எதிராளி வெட்டுவது வரை பார்த்துவிட்டு, ராணி போச்சு என்று சொல்லியிருக்கிறது.

ஏன்? 'கம்யூனிகேட்' நான் கொடுத்த மூட்டையை அனுப்பியதும் குழாயின் என் பக்கத்து வாயை மூடிவிடுகிறது. இனி சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். உள்ளீடு முடிந்துபோனால் ஸ்டாக்ஃபிஷ் அதை 'க்விட்' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. யோசிப்பதை அங்கேயே நிறுத்தி, அந்த நொடியில் கையில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எனக்குக் கிடைத்த வேகம் அதுதான். அது சொன்ன பதில்கள் எல்லாம் கேட்டவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அவசரத்தில் சொன்னவை.

குழாய் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியும். 1964லேயே பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒன்றோடு ஒன்று திருகி மாட்டுவதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பது வருடம் கழித்து, 1973இல், கென் தாம்சன் யூனிக்ஸில் அதைச் செய்து காட்டினார். தோட்டத்து ஹோஸில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும். ஒரு நிரல் முடித்துவிட்டு வாயை மூடும், அடுத்தது 'சரி, அவ்வளவுதான்' என்று தெரிந்துகொள்ளும். பட்டியலை வரிசைப்படுத்து, எண்ணிச் சொல் என்பது போன்ற வேலைகளுக்கு இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. அங்கே வாய் மூடுவதே முற்றுப்புள்ளி. 1975இல் ஆறாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த 'பிசி' என்ற கணக்கு நிரல்கூட இப்படித்தான் வேலை செய்தது. அது தானாகக் கணக்குப் போடவில்லை. நாம் எழுதியதை மொழிபெயர்த்து, ஏற்கெனவே இருந்த 'டிசி' என்ற நிரலுக்குக் குழாயில் அனுப்பியது. இருக்கிற கட்டளை நிரலோடு இன்னொரு நிரல் பேசுவதற்கு இத்தனை வயது.

ஆனால் என்னுடையது ஒரு பக்க ஓட்டம் இல்லை, உரையாடல். நான் கேட்டு, அது சொல்லி, அதைப் பார்த்து நான் மறுபடி கேட்க வேண்டும். வாயை மூட முடியாது. அப்படியானால் முற்றுப்புள்ளி வேறு ஏதாவது வேண்டும்.

அந்த முற்றுப்புள்ளியைத்தான் 'ரெடிஓகே'யிலும் 'பெஸ்ட்மூவ்'விலும் இருவர் எனக்காக முன்பே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்பு, எக்ஸ்போர்டு என்ற பலகை நிரல் முதலில் பேசியது ஜிஎன்யூ செஸ் என்ற எஞ்சினோடு. ஜிஎன்யூ செஸ் மனிதர்கள் தட்டுவதற்காக வைத்திருந்த கட்டளைகளையே எக்ஸ்போர்டு அப்படியே பயன்படுத்தி, அது மனிதர்களுக்காகச் சொன்ன பதில்களைப் படித்துப் புரிந்துகொண்டது. பிறகு வந்த எஞ்சின்கள் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டதால் அதுவே ஒரு வழக்கமாக வளர்ந்தது. 2000ஆவது வருடம் ருடால்ஃப் ஹூபரும், ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மையர்-காலனும் யூசிஐ என்ற பேச்சுமுறையை வகுத்தார்கள். இதை அவர்கள் ஆரம்பத்திலிருந்தே நிரலுக்கும் நிரலுக்குமாக யோசித்திருக்கிறார்கள். எஞ்சின் ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதும் 'இஸ்ரெடி' என்று கேட்கலாம். உடனே 'ரெடிஓகே' சொல்லியே ஆக வேண்டும். உயிரோடு இருக்கிறாயா, நான் சொன்னது எல்லாம் காதில் விழுந்ததா என்ற கேள்விக்கு அது பதில். அந்த ஒரு விதிக்காக அவர்களுக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது என் நிரல் வரிகளை எண்ணுவதில்லை. முன்பு எண்ணினேன். ஒரு கட்டளைக்கு ஒரு வரி என்று படித்தபோது, ஸ்டாக்ஃபிஷ் திறந்ததும் சொல்லும் அந்தப் பெயர் வரி முதல் கேள்விக்கான பதிலாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எல்லாப் பதில்களும் ஒரு இடம் தள்ளியே வந்தன. இப்போது குழாயைத் திறந்தே வைத்து, 'பெஸ்ட்மூவ்' என்று தொடங்கும் வரி வரும்வரை படித்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு முன் வந்த கடைசி 'இன்ஃபோ' வரியிலிருந்து மதிப்பெண்ணை எடுக்கிறேன். கேட்ட ஆழம் இல்லாத பதிலை நிரல் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆட்டத்தில் மாத்து நெருங்கினால் மதிப்பெண் புள்ளிகளாக வராது, இத்தனை நகர்த்தலில் மாத்து என்று வரும். அதற்கும் தனி வழி வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகும் ஒரு தடவை தாள் முழுக்கத் தவறுகளாக வந்தது. வெள்ளையும் தப்பு, கருப்பும் தப்பு, ஒவ்வொரு நகர்த்தலும் பேரழிவு. ஸ்டாக்ஃபிஷ் மதிப்பெண்ணை யார் ஆட வேண்டுமோ அவர் பக்கத்திலிருந்து சொல்கிறது. வெள்ளைக்கு 150 சாதகம் என்றால், வெள்ளை ஆடிய அடுத்த நொடி அதே நிலை கருப்பின் கண்ணில் மைனஸ் 150. நான் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துக் கழித்து, ஒவ்வொரு தடவையும் மூன்று சிப்பாய் மதிப்பு போய்விட்டதாக எண்ணியிருந்தேன். நூறு என்பது ஏறத்தாழ ஒரு சிப்பாய்.

செஸ்ஸை விட்டு வேறு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது சுவரை அங்கேதான் பார்த்தேன். எங்கள் அப்பத்தா பாடிய நடவுப் பாட்டுகளை மாமா கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். பக்கத்துக்கு 45 நிமிடம். கணினிக்கு ஏற்றிய பிறகு, இரைச்சலைக் குறைத்துச் சின்ன கோப்புகளாக மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை நிரலை என் நிரலிலிருந்து கூப்பிட்டேன். பழைய லேப்டாப், மெதுவாகத்தான் ஓடும். சின்னப் பதிவுகள் முடிந்தன. முழுக் கேசட் மட்டும் ஏழரை எட்டு நிமிடம் ஓடியதும் அப்படியே உறைந்துவிடும். எந்தக் கேசட் போட்டாலும் கடிகாரத்தில் அதே நேரம்தான்.

எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை ஸ்டாண்டர்ட் எரர் என்ற இன்னொரு வாசல் வழியாகச் சொல்கிறது. வழக்கமான வாசலில் ஒலியே போகலாம் என்பதால் பேச்சை அங்கே வைத்திருக்கிறார்கள். நான் அந்த வாசலுக்கும் ஒரு குழாய் மாட்டிவிட்டு, வேலை முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று விட்டிருந்தேன். லினக்ஸில் ஒரு குழாய் சாதாரணமாக 65,536 பைட் பிடிக்கும். நொடிக்கு இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 70 எழுத்து. பேனா எடுத்துக் கணக்குப் போட்டபோது எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. குழாய் நிறைந்துவிட்டது, அடுத்த வரியை எழுத இடமில்லாமல் அது நிற்கிறது, அது முடிக்கட்டும் என்று நான் நிற்கிறேன். அந்தக் கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போன நிமிடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாட்டிய குழாயைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் மாட்டவே கூடாது.

எஃப்எஃப்எம்பெக் இன்னொரு விதத்திலும் சிரமப்படுத்தும். ஓடும்போது 'க்யூ' தட்டினால் நிற்பதற்காக அது உள்ளீட்டையும் கவனித்துக்கொண்டிருக்கும். கோப்புப் பட்டியலை வரி வரியாகப் படிக்கும் ஷெல் சுழற்சிக்குள் அதைக் கூப்பிட்டால், பட்டியலின் அடுத்த பெயரை அது தின்றுவிடும். 'நோஎஸ்டிடிஇன்' என்ற விருப்பம் அதற்காகத்தான் இருக்கிறது. அதோடு 'ப்ரொக்ரஸ்' என்று ஒரு விருப்பம் கொடுத்தால், இன்னொரு நிரல் படிப்பதற்கென்றே சுத்தமான வரிகளாகச் சொல்லி, ஒவ்வொரு கட்டின் முடிவிலும் தொடர்கிறதா முடிந்ததா என்று எழுதும்.

எல்லா நிரலும் இவ்வளவு நல்லவை இல்லை. சில மனிதரைத் தவிர யாரிடமும் பேசாது. வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், கடவுச்சொல் கேட்கும்போது அதை நம் குழாயிலிருந்து வாங்குவதில்லை, நேராக டெர்மினலிடமே கேட்கிறது. இப்படிப்பட்டவற்றுக்காக 1990இல் அமெரிக்கத் தரநிலை ஆய்வகமான என்ஐஎஸ்டியில் டான் லைப்ஸ் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை எழுதினார். பொய் டெர்மினல் ஒன்றை உண்டாக்கி அதற்குள் நிரலை ஓட விடும். எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதாகவே நிரல் நம்பும். பஃபர் தொல்லைகூட அதில் தானாகத் தீரும். ஆனாலும் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் வாக்கியத்தை நம்பி எழுதிய நிரல், அடுத்த பதிப்பில் ஒரு வார்த்தை மாறினால் விழுந்துவிடும். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைப்பதைவிட எஸ்எஸ்ஹெச் சாவி உண்டாக்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

நீங்கள் கட்டளை நிரல் எழுதுகிறவர் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் என்ற கருவி செய்திருப்பதைப் பாருங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' மனிதருக்காக வாக்கியமாகச் சொல்கிறது. 'போர்ஸ்லின்' என்று சேர்த்தால் பதிப்பு மாறினாலும் வடிவம் மாறாத வரிகளாக, நிரல் படிக்கச் சொல்கிறது. அந்த மாதிரி ஒரு வாசல் உங்கள் நிரலிலும் வையுங்கள். முடித்தால் முடித்தேன் என்று ஒரு வரி சொல்லுங்கள். யாரோ ஒருவர் உங்களுக்குத் தெரியாத ஊரில், உங்களுக்குத் தெரியாத ஒரு வாத்தியாருக்காக அதைப் பயன்படுத்துவார்.

பைத்தானில் செஸ் எஞ்சின்களோடு பேச நல்ல நூலகம் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நோட்டில் பிள்ளைகள் எழுதும் குறியீட்டை ஸ்டாக்ஃபிஷுக்குப் புரிகிறபடி மாற்ற அதைத்தான் வைத்திருக்கிறேன். பேச்சை மட்டும் நான் எழுதியதே ஓடுகிறது.

போன ஞாயிறு திருத்திய தாள்களை வாத்தியாரிடம் கொடுத்தேன். அந்தப் பையனின் 23ஆவது நகர்த்தலுக்கு நேராக இப்போது ஒன்றும் இல்லை, தப்பு இல்லை என்பதால். வாத்தியார் அங்கே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

அன்று சாயங்காலம் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் என் பைத்தான் நிரலை மட்டும் 'கில்' செய்துவிட்டேன். அது பாதியில் செத்தது. ஸ்டாக்ஃபிஷ் பின்னால் தனியாக ஓடிக்கொண்டு பிராசஸரைத் தின்னுமே என்று பயந்து, ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அது அங்கே இல்லை. குழாயின் என் பக்கம் மூடியதும், கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு, அதுவும் நிறுத்திவிட்டுப் போயிருந்தது.